நெருப்பெரிச்சலில் கற்ற ஆங்கிலம்

திருப்பூரில் ஆங்கிலச் சொல் தெரியாதவர் யாருமில்லை. கட்டிங் மாஸ்டர், பவர்டேபிள் டெய்லர், ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓட்டுகிறவர், செக்கிங் அக்கா, அயர்ன் மாஸ்டர், பேக்கிங் பையன் என எல்லோர் வாயிலும் அது புழங்குகிறது. காலர், ஸ்லீவ், ரிப், லேபிள், பீஸ், ஆல்டர், ரிஜெக்ட், ஷிப்மெண்ட். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மாக்கள்கூட "இந்த லாட்டுல ஜிஎஸ்எம் கம்மியா இருக்குதுங்" என்று துணியின் கனத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் இவையெல்லாம் பெயர்ச்சொற்கள். வினை வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு "பண்ணு" போட்டுக்கொள்வோம். கன்ஃபர்ம் பண்ணு, செண்ட் பண்ணு, அப்ரூவ் பண்ணு. பெயர் வந்தது, வினையும் வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வினைக்குப் பின்னால் ஓயாமல் சொல்லும் ஏழு சிறு சொற்கள் மட்டும் எங்களிடம் வந்து சேரவில்லை. மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம். தமிழில் என்னை, உன்னை, அவனை, அவளை, அதை, எங்களை, அவர்களை. வாணிபம் முழுவதும் இந்த ஏழு சொற்களின் மேல்தான் நடக்கிறது என்பதை நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில், பேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நெருப்பெரிச்சல் அப்போது தனி ஊராட்சி. திருப்பூருக்கு வடக்கே பூலுவபட்டி, வாவிபாளையம், நெருப்பெரிச்சல் என்று ஒவ்வோர் ஊருக்குள்ளும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. சோளக்காட்டை ஒட்டி ஒரு ஷெட், அதற்குள் மெஷின் சத்தம், வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள். அப்பா கட்டிங் மாஸ்டர். நான் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் தேறி, அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டே அப்பா வேலை பார்த்த கம்பெனியின் ஆபீசில் சேர்ந்தேன். கடிதப் போக்குவரத்து முழுவதும் எங்கள் மேனேஜர் கையில் இருந்தது. பாம்பேயில் ஏற்றுமதி ஏஜென்ட் ஒருவரிடம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு பேக்ஸ் போவதற்கு முன் அதன் ஒவ்வொரு வினைச்சொல்லையும் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பெயர்ச்சொல்லில் பிழை இருந்தால் விட்டுவிடுவார். வினைக்குப் பக்கத்தில் பிழை இருந்தால் விடமாட்டார்.

திருப்பூருக்கு ஏற்றுமதி ஆங்கிலம் வந்த வழியைச் சொன்னால்தான் இது விளங்கும். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பாம்பே வழியாக இங்கே வந்தார். அவர் கொடுத்த ஆர்டரிலிருந்துதான் எங்கள் ஊரின் நேரடி ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள். 1981-இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. அடுத்தடுத்து ஜெர்மனி, ஹாலந்து, பிரான்ஸ். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தோன்றியபோது பையர்கள், அதாவது வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள், வந்துபோவது ஊருக்குப் பழகிவிட்டிருந்தது. இத்தாலியருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலம் எங்களைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. நிறுத்தி, முழுசாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்கள். அவர்களுடைய பேக்ஸ் படிக்க எளிது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆர்டர் பெருகி, போன் மணி அடிக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சிறு சொற்கள் எங்களைச் சோதித்தன.

முதல் பாடம் எழுத்தில் நடந்தது. ஜெர்மனியில் இருந்த பையர், லேப் டிப் என்ற நிற மாதிரிக் கார்டும் சீலிங் சாம்பிள் என்ற மாதிரி உடையும் அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். அன்று ஆபீசில் இருந்தவர் "வீ ஹேவ் சென்ட்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டார். போயிருந்தது லேப் டிப் மட்டும். பையர் இரண்டும் வருவதாக நினைத்துக் காத்திருந்தார். சாம்பிள் அப்ரூவல் தள்ளிப்போக, தையலும் தள்ளிப்போக, ராத்திரி ஷிப்ட் ஓட்டித்தான் அந்தக் கப்பலைப் பிடிக்க முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பேக்ஸ் தாளைக் காட்டினார்.

"அம்மிணி, அனுப்பிச்சாச்சுன்னு நீ சொன்னா எனக்குப் புரியும். நம்ம ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்திருக்கோம். அவனுக்கு எதைன்னு சொல்லோணும். அவங்க பாஷையில வினை கை காலியா நிக்கக் கூடாது. 'இட்'டுன்னு எழுதியிருந்தா ஒண்ணுதான் போயிருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். 'தெம்'முன்னா ரெண்டும். ஒரு எழுத்துக்கூட்டுல ஒரு வாரம் போச்சு, பாரு."

தமிழில் "பார்த்தியா?" என்றால் "பார்த்தேன்" என்பது முழுப் பதில். யார் என்பதை "ஏன்" என்ற விகுதி சொல்லிவிடுகிறது. எதை என்பதைச் சூழ்நிலை சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு இப்படிப்பட்ட விகுதிகள் ஏறக்குறைய எல்லாம் உதிர்ந்துபோய்விட்டன. அதனால் யார் என்பதை முன்னாலும் எதை என்பதைப் பின்னாலும் வெளிப்படையாக வைத்தாக வேண்டும். "ஐ சா" என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். "ஐ சா இட்" என்றால்தான் வாக்கியம் முடியும். தமிழர் பேசும் ஆங்கிலத்தில் "ஐ டிட் நாட் லைக்", "யூ டேக்", "ஹி ஈஸ் பிரிங்கிங்" என்றெல்லாம் வருவது சோம்பலால் வருவதில்லை. தமிழ் வினையின் நிறைவை நம்பிப் பழகிய நாக்கு, ஆங்கில வினையையும் அப்படியே நம்பிவிடுகிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அது எங்கள் ஊரில்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பனியனின் உள்பக்கத் தையலில் வைத்துத் தைக்கிற வாஷ் கேர் லேபிளைப் பாருங்கள். "டு நாட் ப்ளீச்." "டு நாட் டம்பிள் டிரை." "அயர்ன் ஆன் ரிவர்ஸ் சைடு." எதை என்ற சொல்லே கிடையாது. பிரிட்டனுக்குப் போகும் குழந்தைகளின் இரவு உடைகளில் "கீப் அவே ஃப்ரம் ஃபயர்" என்ற எச்சரிக்கை வரும். அந்நாட்டின் 1985-ஆம் ஆண்டு இரவு உடைப் பாதுகாப்பு விதிகளில் உள்ள வாசகம் அது. அங்கேயும் "இட்" இல்லை. வினை இங்கே மட்டும் எப்படித் தனியாக நிற்கிறது என்று மேனேஜரிடம் கேட்டேன். "லேபிள் எதுல தெச்சிருக்குது? அந்தத் துணிதான் 'இட்'டு" என்றார். பொருள் கையிலேயே இருக்கும்போது ஆங்கிலமும் தமிழைப் போல நடந்துகொள்கிறது. சமையல் குறிப்பிலும் மருந்து பாட்டிலிலும் இதே நடைதான். மேசைக்கு மேசை, நாட்டுக்கு நாடு பேசும்போது அந்த வசதி போய்விடுகிறது.

இரண்டாம் பாடம் ஒரு திண்ணையில் நடந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஊரே அவரைப் புலவர் ஐயா என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் சந்தேகங்களைத் தாளில் எழுதிக்கொண்டு அவரிடம் போவேன். ஆங்கிலச் சந்தேகத்தைத் தமிழ்ப் புலவரிடம் கேட்கிறாளே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். ஆனால் நான் கேட்டதெல்லாம் வேற்றுமை உருபு சம்பந்தப்பட்டவை.

"ஐயா, 'மீ'ன்னா என்னையா, எனக்கா?"

"ரெண்டும்தான் சாமி. நம்ம ரெண்டாம் வேற்றுமையும் நாலாம் வேற்றுமையும் அங்கே ஒரே சட்டை போட்டுக்கிட்டு வருது. எடத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கோணும்."

"செண்ட் மீ தி சாம்பிள்" என்றால் மீ, எனக்கு. "செண்ட் மீ டு பாம்பே" என்றால் மீ, என்னை. சொல் ஒன்றுதான், அடுத்து வருவது வேற்றுமையைச் சொல்கிறது. பின்னாளில் நானே தேடிப் படித்தபோது இதன் வரலாறும் கிடைத்தது. ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அவனை என்பதற்கு "ஹினே", அவனுக்கு என்பதற்கு "ஹிம்" என்று இரண்டு வடிவங்கள் தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் ஹினே வழக்கொழிந்து, ஹிம் இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கியது. உருபு போன இடத்தில் வரிசை வந்து உட்கார்ந்தது. நமக்கு "எனக்கு அதைக் கொடு", "அதை எனக்குக் கொடு", "கொடு அதை எனக்கு" எல்லாமே சரி; உருபு காவல் இருக்கிறது. அவர்களுக்குச் சொல் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

இதனால்தான் எங்கள் ஊர்ப் பேக்ஸ்களில் "எக்ஸ்ப்ளெய்ன் மீ", "கன்ஃபர்ம் அஸ்", "ரிப்ளை மீ", "சஜஸ்ட் மீ" என்று வந்துகொண்டே இருந்தன. எனக்கு விளக்கு, எங்களுக்கு உறுதிசெய் என்று தமிழ் உருபோடு நினைத்து, உருபைக் கழற்றிவிட்டு எழுதியவை அவை. "டெல் மீ" சரி என்றால் "எக்ஸ்ப்ளெய்ன் மீ" ஏன் தவறு? டெல், கிவ், செண்ட், ஷோ போன்றவை ஆங்கிலத்தின் சொந்த வினைகள். பெறுபவரை நேராகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளெய்ன், கன்ஃபர்ம், சஜஸ்ட் போன்றவை லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை நடுவில் ஒரு "டு" கேட்கும்: "எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ", "கன்ஃபர்ம் இட் டு அஸ்". எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "ஆஸ்க் டு ஹிம்", "கான்டாக்ட் டு அஸ்", "டிஸ்கஸ் அபௌட் இட்" என்று தேவையில்லாத இடத்தில் உருபைச் சேர்ப்பது. மேனேஜர் இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, பேக்ஸ் மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தார். அந்தத் தாள் கிழிந்தபோதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டியது நான்.

புலவர் ஐயா இன்னொன்றும் சொன்னார். அதை இன்றுவரை நினைத்து நினைத்து மகிழ்கிறேன். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தரு, கொடு என்ற வினைகளைப் பிரித்து வைத்திருக்கிறார். தருதல் என்பது எனக்கோ உனக்கோ. கொடுத்தல் என்பது மூன்றாமவருக்கு. வருதலும் செல்லுதலும் அப்படியே. "தா" என்று ஒரே எழுத்தைச் சொன்னால் போதும், பெறுபவர் நான் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலம் "கிவ்" என்று சொல்லிவிட்டு "மீ" என்று தனியாகச் சேர்க்க வேண்டியதைப் பழந்தமிழ் வினைக்குள்ளேயே வைத்திருந்தது. நம் மொழிக் குடும்பத்தில் இதைவிட ஒருபடி மேலே போன மொழிகளும் இருக்கின்றன. ஒடிசாவின் கந்தமால் மலைப்பகுதியில் பேசப்படும் குயி மொழியில், செயல் என்மீதோ உன்மீதோ வந்து சேர்கிறது என்றால் வினையே வேறு வடிவம் எடுக்கும். வினையும் அதைப் பெறுபவரும் ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வினோதம் இல்லை. ஒவ்வொரு மொழியும் தனக்கான பசையை வைத்திருக்கிறது.

மூன்றாம் பாடம் செக்கிங் டேபிளில். பையரின் தரப் பரிசோதகர்கள் வந்தால் நான்தான் கூட நின்று அக்காமார்களுக்குச் சொல்ல வேண்டும். பரிசோதகர்கள் வாயிலிருந்து வருவதெல்லாம் இரட்டை வினைகள். பிசிறைப் பார்த்தால் "கட் தெம் ஆஃப்". கறை பட்ட பீஸைப் பார்த்தால் "டேக் இட் அவுட்". அளவு மாறிய கட்டைப் பார்த்தால் "செண்ட் தெம் பேக்". உள்பக்கத் தையலைப் பார்க்க "டர்ன் இட் இன்சைட் அவுட்". கவனித்துக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். பெயர்ச்சொல்லாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்: "கட் ஆஃப் தி த்ரெட்ஸ்", "கட் தி த்ரெட்ஸ் ஆஃப்", இரண்டும் சரி. இட், தெம் என்ற சிறு சொல்லானால் நடுவில்தான் நிற்கும். "கட் ஆஃப் தெம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஏன் நடுவில்? ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் புதுச் செய்திக்கு உரியது. "தெம்" புதுச் செய்தி இல்லை. பிசிறைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெட்டி எறிய வேண்டும் என்பதுதான் செய்தி. எனவே அழுத்தம் "ஆஃப்" மேல் விழுகிறது. "தெம்" அடங்கி நடுவில் போய்விடுகிறது. தமிழ் இதே காரணத்துக்காகத்தான் அந்த "அதை"யை முழுவதும் விட்டுவிடுகிறது. தெரிந்ததைத் தமிழ் சொல்லாமல் விடும். ஆங்கிலம் சொல்லும், ஆனால் தாழ்த்திச் சொல்லும். "லுக் அட் இட்", "வெய்ட் ஃபார் அஸ்" போன்றவற்றில் சிறு சொல் கடைசியில் வருகிறதே என்று கேட்கலாம். அங்கே அட், ஃபார் என்பவை அந்தச் சிறு சொல்லுக்கு உரிய உருபுகள். உருபைப் பிரித்து எடுக்க முடியாது. ஆஃப், அவுட், பேக் என்பவை வினையின் பகுதி. காதுக்கும் வித்தியாசம் தெரியும்: "அட்" தேய்ந்து ஒலிக்கும், "ஆஃப்" நிமிர்ந்து ஒலிக்கும்.

நான்காம் பாடம்தான் கடினமானது. அது போனில் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் பேசினார். ஏற்கெனவே கோத்துவிட்ட விலை அட்டைகளைப் பற்றி ஏதோ சொன்னார். காதில் விழுந்தது ஒரே சொல்: "டேக்கெமாஃப்". எந்த அகராதியிலும் அது கிடையாது. மேனேஜர் எனக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். புரியாததை ஆங்கில எழுத்தில் எழுதாதே, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுது, பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் எழுதினேன். போனிலேயே அவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்பதை உறுதிசெய்துகொண்டோம். வேலை நடந்தது. நோட்டில் அந்தச் சொல் நின்றது. அதற்குக் கீழே நாளுக்கு நாள் இன்னும் சேர்ந்தன. டெல்லிம். ஆஸ்கர். பிக்கிட்டப். கிம்மீ. லெம்மீ நோ. செஞ்சூ. சீயிட். டூவிட்.

அந்த நோட்டைப் புலவர் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம புணர்ச்சி அம்மிணி! பிரித்தெழுதுக பாடம் படிச்சியே, அதையே போடு" என்றார்.

போட்டுப் பார்த்தோம். டேக் கூட்டல் எம் கூட்டல் ஆஃப். டெல் கூட்டல் இம். ஆஸ்க் கூட்டல் அர். பிக் கூட்டல் இட் கூட்டல் அப். நிலைமொழி ஈற்றில் மெய், வருமொழி முதலில் உயிர், இரண்டும் கூடிவிடுகின்றன. கண்ணும் இமையும் கண்ணிமை ஆகிறதே, அந்த வழிதான். ஆங்கில நாக்கு ஒற்றை இரட்டிப்பதில்லை. தமிழில் எழுதும்போது நம் கை இரட்டித்துவிடுகிறது. மற்றபடி கூடும் முறை ஒன்றே. ஹிம், ஹெர் என்பவற்றின் முதல் ஹகரம் வினையோடு ஒட்டி வேகமாகப் பேசும்போது உதிர்ந்துவிடும். அது உதிர்ந்தால் மிஞ்சுவது உயிர். உயிர் வந்தால் முன்னால் உள்ள மெய் அதை ஏற்றுக்கொள்ளும்.

அடுத்தது இன்னும் வியப்பு. சீ கூட்டல் இட், சீயிட். டூ கூட்டல் இட், டூவிட். இது நன்னூலின் உடம்படுமெய். இ, ஈ, ஐ ஈற்றுக்குப் பின் யகரம். ஏகாரத்துக்குப் பின் இரண்டும். பிற உயிர்களுக்குப் பின் வகரம். மணி அடித்தது, மணியடித்தது ஆகிறது. பூவும் அழகும் சேர்ந்தால் பூவழகு. ஆங்கிலத்தை ஒரு சொல்கூட அறியாத பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதியை ஒரு லண்டன்காரி போனில் நடத்திக்காட்டிக்கொண்டிருந்தாள். பவணந்தியார் பெருந்துறைக்கு அருகே சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது புலவர் ஐயாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அந்தப் பெருமை தொற்றிக்கொண்டது.

செஞ்சூ என்பது "செண்ட் யூ". "ஐ வில் செண்ட் யூ" என்பதை வேகமாகச் சொன்னால் அப்படித்தான் ஆகும். "லெட் யூ நோ", லெச்சூ நோ. "மீட் யூ", மீச்சூ. யகரம் பக்கத்தில் வந்ததும் தகர டகர ஒலிகள் சகரமாகக் குழைகின்றன. நம் பேச்சில் ஐந்து அஞ்சு ஆகிறது, படித்து படிச்சு ஆகிறது, வைத்து வெச்சு ஆகிறது. இகர ஐகாரங்கள் பக்கத்தில் இருக்கும் ஒலியை இளக்கிவிடுகின்றன. நாக்கு மேலண்ணத்தை நோக்கிப் போனால் எந்த நாட்டு நாக்கும் ஒன்றுபோலத்தான் நடக்கும். அமெரிக்கர்கள் "புட் இட் ஆன்" என்பதைப் "புடிடான்" என்றார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் டகரத்தை நாம் "படி", "வடை" என்பவற்றில் மெலிதாகத்தானே ஒலிக்கிறோம்.

"எம்" பற்றிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. தெம் என்பது தேய்ந்து எம் ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை வேறு. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல் "ஹெம்". அதன் ஹகரம் உதிர்ந்து மிஞ்சியதுதான் "எம்". "தெம்" என்பது வடகடலைக் கடந்துவந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து பின்னால் வந்தது. எழுத்தில் புதுச்சொல் வென்றது. பேச்சில் வினையோடு ஒட்டியிருந்த பழஞ்சொல் உதிரவே இல்லை. வினையோடு ஒட்டியது பிழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கொச்சை என்று ஒதுக்கப்படும் ஒலிக்கு, புத்தகச் சொல்லைவிட அந்த மண்ணில் மூத்த வேர் இருக்கிறது. கொங்குத் தமிழைக் கொச்சை என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு தடவை வடக்கு இங்கிலாந்திலிருந்து வயதான பரிசோதகர் ஒருவர் வந்தார். அளவு நாடாவைக் கேட்கும்போது "கிவ் இட் மீ" என்றார். எங்கள் சுவர்த்தாளின்படி "கிவ் இட் டு மீ" என்றுதான் இருக்க வேண்டும். மேனேஜர் அவரிடமே மரியாதையாக விசாரித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படித்தான், என் பாட்டியும் இப்படித்தான் பேசுவாள் என்றார் அவர். அந்தப் பகுதிகளில் இன்றும் வழங்கும் பழைய வரிசை அது. இலக்கணப் புத்தகம் ஒரு ஊரின் வழக்கைச் சொல்கிறது. அந்த நாட்டிலேயே இன்னொரு ஊர் வேறு மாதிரி பேசுகிறது. எழுதும்போது "கிவ் இட் டு மீ" என்று எழுதுவோம், கேட்கும்போது இரண்டையும் புரிந்துகொள்வோம் என்று மேனேஜர் முடிவு சொன்னார். மொழி பற்றி அதைவிட நல்ல முடிவை நான் கேட்டதில்லை.

அந்த நோட்டைச் செக்கிங் அக்காமார்களும் பார்க்கத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் "டேக்கிட்டவுட்" என்பார், இன்னொருவர் கறைபட்ட பீஸை எடுத்துத் தனியே வைப்பார். இலக்கணப் பெயர்கள் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒலி முழுசாக உள்ளே போனது, கை வேலை செய்தது. பிறகு ஒரு நாள் பரிசோதகர் ஒரு கட்டைக் காட்டி "செண்டெம் பேக்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவதற்கு முன்பே ஒரு அக்கா அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

2011-இல் நெருப்பெரிச்சல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பேக்ஸ் போய், மின்னஞ்சல் வந்து, இப்போது எல்லாம் வாட்ஸ்அப் குரல்செய்தியும் வீடியோ அழைப்புமாகிவிட்டது. முன்பு ஆபீஸ் அறைக்கு மட்டும் வந்த வேகமான ஆங்கிலம் இன்று மெர்ச்சண்டைசர் பெண்ணின் செல்போனுக்கு நேராக வருகிறது. எழுதிவைத்துப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. கேட்ட உடனே பிரிய வேண்டும். மின்னஞ்சலைத் திருத்தித்தர இயந்திரம் இருக்கிறது. அழைப்பில் எதிரே இருப்பவர் "செண்டெம் பேக்" என்று சொல்லும் அந்த நொடியில் நம் காது மட்டும்தான் நமக்குத் துணை.

இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்ட முடிவு இது. ஆங்கிலப் பேச்சு வராமல் போவதற்குச் சொல்வளம் குறைவது காரணமில்லை. எங்கள் ஊருக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயர்ச்சொற்களே ஒரு சிறு அகராதியை நிரப்பும். வினையையும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறு சொல்லையும் பிரித்துப் பிரித்துக் கற்பிப்பதுதான் காரணம். வினைகள் ஒரு பாடத்தில், மீ, ஹிம், தெம் என்ற அட்டவணை இன்னொரு பாடத்தில். இரண்டையும் மனப்பாடம் செய்த பிள்ளை, அவை சேர்ந்து ஒலிக்கும்போது திகைத்து நிற்கிறது. தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சியும் வேற்றுமையும் படித்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையும், அடுத்த வகுப்பில் அந்த அறிவு உதவும் என்று யாரும் சொல்லாததால், திகைத்துத்தான் நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். "கிவ்" என்று தனியாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். கிவ் மீ, டெல் ஹிம், ஆஸ்க் ஹெர், செண்ட் தெம் பேக் என்று சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். முதலில் காதுக்குக் கொடுங்கள், பிறகு கண்ணுக்கு. பிள்ளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்க விடுங்கள். அதைத் தவறு என்று அடிக்காதீர்கள். தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரே வகுப்பில் நிற்க வையுங்கள். பிரித்தெழுதுக என்ற பாடத்தைத் தேறிய எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஆங்கிலப் பேச்சைக் கேட்டுப் பிரிக்கும் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அது தன்னிடம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வது நம் கடமை.